அரிக்கமேட்டுத் தொட்டிகளும் அவுரி நீலமும்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

எங்கள் பள்ளி மாணவர்களை அண்மையில் புதுச்சேரிக்கு அருகிலுள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்ட செங்கல் தொட்டிகள் ரோமாபுரிக்கு அனுப்பிய மஸ்லின் துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டவை என்று படித்திருந்ததை அவர்களிடம் சொன்னேன். உடன் வந்த சக ஆசிரியர் அதை மறுத்தார். எது சரி? நம் பகுதியின் துணி வரலாற்றை எங்கிருந்து தொடங்கிச் சொல்லலாம்?

ம., திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள ம.,

உங்கள் சக ஆசிரியரின் ஐயம் நியாயமானது. 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், அங்கு வெளிப்பட்ட தொட்டிகளையும் வடிகால்களையும் மஸ்லின் துணி உற்பத்தியோடு தொடர்புபடுத்தினார். பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வணிகக் குறிப்பு உறையூர்ப் பக்கத்து மெல்லிய துணியைப் பேசுவதால் அந்த ஊகம் எளிதில் நிலைபெற்றுவிட்டது. பின்வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்கத் தயங்கினர். நானும் தயங்குகிறேன், என் தயக்கத்துக்குக் காரணம் சாயத்தொழிலின் செய்முறைதான்.

அவுரி இலையை நீரில் ஊறவைத்து, இலையை நீக்கியபின் அந்நீரைக் காற்றுப்படும்படி அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் படியும். இதற்கு அகன்ற தொட்டி உதவும். ஆனால் அப்படிக் கிடைக்கும் நீலக்கட்டி நீரில் கரையாது. கரையாத பொருள் நூலில் ஏறாது. அதைச் சுண்ணாம்போடும் வேகவைத்த தகரை விதையோடும் சேர்த்து நொதிக்கவிட்டு, காற்று அதிகம் புகாமல் காத்தால்தான் நீலம் தன் நிறத்தை இழந்து கரைசலாகும். அதில் முக்கியெடுத்த நூல் முதலில் பச்சையும் மஞ்சளுமாகத் தெரிந்து, காற்றுப்பட்ட சிறிது நேரத்தில் நீலமாகிறது. ஆகவே சாயக்காரர்களுக்கு வேண்டியிருந்தது மண்ணில் கழுத்தளவு புதைத்த தாழி. சிவப்புக்கோ கடுக்காயும் படிகாரமும் ஏற்றிய துணியைச் சாயவேரோடு கொதிக்கவைக்க வேண்டும்; அதற்கு அடுப்பும் கொப்பரையும் தேவை. தொட்டியைக் கண்டதும் சாயப்பட்டறை என்று முடிவு கட்டுவது அவசரம்; தொட்டியை நீக்கிவிட்டால் இங்கே சாயத்தொழிலே இல்லை என்று அஞ்சுவதும் தேவையற்றது.

நமக்கு உறுதியான சான்றுகள் மிகப் பின்னால்தான் கிடைக்கின்றன. 1690இல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கினர். அவர்கள் இக்கரையில் முதன்மையாகத் தேடிவந்த சரக்கு துணி. ஏறத்தாழ 1734இல் போலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, புதுச்சேரியில் துணிக்கு வண்ணம் தீட்டும் முறையை உடனிருந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். நம்மவர் யாரும் எழுதிவைக்காததை ஒருவர் எழுதினார் என்று மகிழலாம். எதற்காக எழுதினார் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. இந்திய வண்ணத்துணிகளுக்கு 1686 முதல் 1759 வரை பிரான்சில் தடை இருந்தது. தடைக்கு உள்ளேயே செய்முறையைக் கற்றுக்கொள்ளும் ஆவல் வளர்ந்தது.

ரோமாபுரியைவிட மாணவர்களுக்குச் சொல்லத்தக்கதாக நான் கருதுவது புதுச்சேரியின் நீலத்துணிக் கதை. 'கினே' என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த அந்த அவுரி நீலத்துணி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையில் ஏறக்குறைய நாணயம் போலவே புழங்கியது. அங்குள்ளவர்கள் தொட்டும் முகர்ந்தும் பார்த்து, ஐரோப்பாவில் செய்த போலித் துணியை ஒதுக்கினார்கள். அத்துணியைக் கொடுத்து வாங்கியது கருவேலினத்து மரத்துப் பிசின். அப்பிசின் ஐரோப்பிய அச்சுத்துணி ஆலைகளில் சாயக்குழம்பைக் கெட்டியாக்கப் பயன்பட்டது. அவ்வாலைகளின் துணியோ நம் கரையின் வண்ணத்துணிக்கு இருந்த சந்தையைப் பறித்தது. நம் நீலத்துணியே நம் சித்திரத்துணியின் போட்டியாளருக்கு ஊட்டமளித்தது என்பதை எந்தப் பெருமைப் பேச்சிலும் நான் கேட்டதில்லை. 1897இல் ஜெர்மானிய ஆலையில் வேதிமுறையில் செய்த நீலம் சந்தைக்கு வந்தபின் அவுரி வயல்களும் சுருங்கின.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள். நூற்பிலிருந்து தொடங்குங்கள். ஒரு தறிக்கு ஓயாமல் நூல் தரப் பல பெண்கள் நூற்க வேண்டியிருந்தது. தறி இன்றும் இருப்பதால் நெசவாளரை நினைவில் வைத்திருக்கிறோம். ஆலை நூல் வந்ததும் நெசவாளர் அதை வாங்கிப் பாவோட்டித் தொழிலைத் தொடர முடிந்தது, ராட்டைப் பெண்ணுக்கோ மாற்று எதுவும் இருக்கவில்லை. புதுச்சேரியில் 1820களின் இறுதியிலேயே இயந்திர ஆலை வந்துவிட்டது. அவ்வாலைகளில் வேலை செய்தவர்களைப் பற்றி ஓரளவு அறிவோம். 1936 ஜூலை 30 அன்று போராடிய ஆலைத் தொழிலாளர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்த 12 பேருக்காக இன்றும் கூடுகிறோம். வீட்டுத் திண்ணையில் நூற்றவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது.

வகுப்பில் ஆளுக்கொரு தக்களியும் கொஞ்சம் பஞ்சும் கொடுத்து, அறுபடாமல் ஒரு முழம் நூல் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு அரிக்கமேட்டுக்கு அழைத்துப் போனால், தொட்டியைப் பற்றி அவர்களே உங்களிடம் கேள்வி கேட்பார்கள்.