முத்திரை குத்துகிறவரும் நாவலும்

கேள்வி: அமெரிக்காவில் பொது நூலகப் பணியாளர்கள் கூடி, மாதாமாதம் புதிதாக வெளியாகும் பத்து நூல்களைப் பரிந்துரைக்கிறார்களாம். பெரும்பாலும் நாவல்கள். புத்தகத்தில் முத்திரை குத்துகிறவர்களின் சிபாரிசை நம்பி ஒருவர் நாவல் வாங்க முடியுமா? இதெல்லாம் இலக்கியத்துக்கு நல்லதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மயிலாடுதுறை

பதில்: பெயரை மறைத்தது நல்லதாகப் போயிற்று. அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது நிம்மதியாகப் போகலாம்.

நீங்கள் சொல்வது 'லைப்ரரிரீட்ஸ்' பட்டியலை. 2013-இல் தொடங்கினார்கள். பதிப்பகங்கள் புத்தகம் கடைக்கு வருமுன்பே முன்பிரதியை நூலகங்களுக்கு அனுப்பிவிடும். இப்போது பெரும்பாலும் மின்பிரதி. பிடித்திருந்தால் வாக்கு. அதிக வாக்கு பெற்ற பத்து, பட்டியலில். பட்டம் பெற்ற நூலகர்தான் என்றில்லை, பொது நூலகத்தில் வேலை பார்க்கும் யாரும் வாக்களிக்கலாம். ஆம், முத்திரை குத்துகிறவரும்தான். அந்த செப்டம்பரில் வந்த முதல் பட்டியலில் முதலிடம் பிடித்தது ரெயின்போ ரோவெலின் 'ஃபேன்கேர்ல்'. தனக்குப் பிடித்த கதைத் தொடருக்கு ரசிகக் கதை எழுதிக்கொண்டே கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை. இலக்கியப் பெரியவர்கள் கூடித் தேர்ந்தெடுத்திருந்தால் அது முதல் வரிசைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம். ஏற்கெனவே இருமுறை இடம்பிடித்த எழுத்தாளர் மறுபடி வாக்கு வாங்கினால் அவரைத் தனி வரிசையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பத்து நாற்காலியும் மற்றவர்களுக்கு. நம் விருதுக் குழுக்கள் இந்த ஒன்றையாவது காப்பியடிக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. முன்பிரதியைத் தாராளமாக அனுப்ப வசதியுள்ள பெரிய பதிப்பகங்களுக்கே அங்கே கை ஓங்கும். மர்மக் கதையும் காதல் கதையும் அடிக்கடி தலைகாட்டும். உங்கள் இலக்கியக் கவலை அந்த அளவுக்கு நியாயம்.

ஆனால் முத்திரை குத்துகிற கைக்கு என்ன தெரியும் என்றீர்களே, அங்கேதான் தவறு. விமர்சகர் புத்தகம் போகிற முகத்தை மட்டும் பார்க்கிறார். நூலகர் திரும்பி வருகிற முகத்தையும் பார்க்கிறார். நான் சிறுவனாகப் போன கிளை நூலகத்தில் ஓர் அம்மா இருந்தார். திருப்பித் தரும் புத்தகத்தை விரித்து உதறிப் பார்ப்பார். பேருந்துச் சீட்டு விழும், மருந்துக் கடை ரசீது விழும், ஒருமுறை காய்ந்த கறிவேப்பிலை விழுந்தது. எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பதுதான் அவருக்கு முக்கியம். "தம்பி, இது வேணாம். மூணு பேரு நாப்பதாம் பக்கத்துலயே நின்னுட்டாங்க. இந்தா, இதை எடுத்துட்டுப் போ" என்பார். அவர் கொடுத்தது அநேகமாகத் தவறியதில்லை. அதற்கு இணையான மதிப்புரை எதையும் நான் இதுவரை பிரசுரித்ததில்லை.

இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு என்று நினைக்கிறீர்களா? உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதி 1931-இல் வெளியிட்டார். மூன்றாவது விதி: ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அலமாரியில் தூங்கும் புத்தகத்துக்கு ஆள் தேடித் தருவது நூலகரின் வேலை என்று அர்த்தம். இந்தப் பத்து நூல் பட்டியல் அதே வேலையைத்தான் செய்கிறது.

நம் சிக்கல் வேறு. இங்கே நாவல் வெளியாகி, மாதிரிப் பிரதி போய், தேர்வாகி, நூலக ஆணை கிடைத்து, கட்டுக்கட்டாக வந்து இறங்கி, வரவேட்டில் எண் ஏறுவதற்குள் அந்த எழுத்தாளர் அடுத்த நாவலை முடித்திருப்பார். அதற்குப் பிறகுதான் 'புதிய வரவு' பலகையில் பெயர் எழுதுவார்கள். படிக்கவே கிடைக்காத புதுப் புத்தகத்தை நூலகர் எப்படிப் பரிந்துரைப்பார்? பதிப்பாளர்களே, அச்சுக்குப் போகும் முன் ஒரு பி.டி.எஃப். அனுப்ப எவ்வளவு செலவாகும்?

கடைசியாக, நம்பி வாங்கலாமா என்று கேட்டீர்கள். ஏன் வாங்க வேண்டும்? நூலகத்தில் எடுங்கள். சியாட்டில் நூலகர் நான்சி பேர்ல் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார் (இவர் உருவத்தில் 2003-இல் பொம்மையே வந்தது, பொத்தானை அழுத்தினால் விரல் உதட்டுக்குப் போய் 'உஷ்' காட்டும்). ஐம்பது வயது வரை உள்ளவர் ஒரு புத்தகத்துக்கு ஐம்பது பக்கம் அவகாசம் தரவேண்டும். அதைத் தாண்டியவர், நூறிலிருந்து வயதைக் கழித்து மீதி வருகிற பக்கம் வரை படித்தால் போதும், பிடிக்காவிட்டால் மூடிவிடலாம். நீங்கள் வயதை எழுதவில்லை. கையெழுத்தைப் பார்த்தால் முப்பது பக்கம் போதும் என்று தோன்றுகிறது.