ஆட் டு என்னும் கடன்

அன்புள்ள சார்,

நான் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு, 'நீங்கள் கூட்டத்துக்கு வர வேண்டியதில்லை' என்று சொல்ல நினைத்து 'யூ மஸ்ட் நாட் கம்' என்று மெயில் அனுப்பிவிட்டேன். மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் திட்டினார். மஸ்ட், ஹேவ் டு, ஷுட், ஆட் டு (ought to) இவற்றில் எதற்கு எவ்வளவு அழுத்தம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா? தமிழில் எல்லாவற்றுக்கும் 'வேண்டும்' ஒன்றுதான். அந்த வறுமைதான் நம் குழப்பத்துக்குக் காரணமோ?

கே.

அன்புள்ள கே,

பட்டியல் எந்த இலக்கணப் புத்தகத்திலும் கிடைக்கும். ஷுட்டைப் பற்றி உங்கள் துறையிலேயே 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் தெளிவாகச் சொல்கிறது: மஸ்ட் என்றால் விலக்கே கிடையாது, ஷுட் என்றால் தக்க காரணம் இருந்தால் விடலாம், விளைவை எடைபோட்ட பிறகு. அதைப் படியுங்கள்.

ஆனால் வறுமை என்றீர்களே, அதை விட முடியாது. 'வர வேண்டியதில்லை' வேறு, 'வரக் கூடாது' வேறு என்பது மூன்று வயதிலேயே உங்களுக்குத் தெரியும். மஸ்ட்டும் ஹேவ் டுவும் கிட்டத்தட்ட ஒன்றாக நடந்துவந்து, நாட் சேர்ந்ததும் 'கூடாது', 'வேண்டியதில்லை' என்று எதிரெதிராகப் பிரிவது ஆங்கிலத்தின் கோணல். செய்ய வேண்டும், செய்தாக வேண்டும், செய்தே தீர வேண்டும், செய்ய வேண்டியிருக்கிறது. இத்தனையையும் தினமும் பேசிக்கொண்டு தமிழை ஏழை என்கிறீர்கள். காது கொடுத்துக் கேளுங்கள் தம்பி.

சில நாட்களாக ஆட் டுதான் என் மனதில் ஓடுகிறது. இன்றைய பேச்சில் அதுவும் ஷுட்டும் பெரும்பாலும் இடம் மாறிக்கொள்ளும். ஆனால் கடன்பட்டிருப்பதைச் சொல்லும் 'ஓ' (owe) என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம் அது. ஷல்லுக்கும் ஆதியில் கடன்படுதல் என்ற பொருள் உண்டு. அதன் உறவான ஜெர்மன் சொல் ஷுல்ட் கடனையும் குற்றத்தையும் சேர்த்தே குறிக்கும். டியூட்டியும் டெட்டும் ஒரே லத்தீன் வேரில் கிளைத்தவை. நம் பக்கம் பாருங்கள்: கடன், கடமை. காலைக்கடன், நேர்த்திக்கடன், ஈமக்கடன். தமிழோடு ஒட்டும் உறவும் இல்லாத மொழிகளும் கடமைக்குக் கடனிலிருந்தே சொல் எடுத்திருக்கின்றன.

எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் இறந்து, கடையை மூடிவிட்டார்கள். பற்று நோட்டெல்லாம் பழைய பேப்பரோடு போய்விட்டது. ஒரு மாதம் கழித்து அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். சட்டைப் பையில் நான்காக மடித்த ரூபாய் நோட்டுகள். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அவரும் எதுவும் சொல்லலை" என்றார் அந்த அம்மா. "எனக்குத் தெரியும்மா" என்று அப்பா பணத்தைத் திண்ணையில் வைத்து, பறக்காமல் இருக்க அங்கிருந்த சொம்பை எடுத்து மேலே வைத்தார். யாரும் கேட்கவில்லை. கேட்க நோட்டும் இல்லை. ஆட் டு என்று படிக்கும்போதெல்லாம் அந்தச் சொம்புதான் எனக்குத் தெரிகிறது.

மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் திட்டியது தவறு, உங்களுக்கு வலித்திருக்கும். ஆனால் வரக் கூடாது என்று படித்த அந்த வாடிக்கையாளருக்கு வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதினீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லையே.