சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம், யாருக்கு?

மன்னார்குடியில ரொம்ப வருஷமா விமான டிக்கெட் போட்டுக் குடுத்துக்கிட்டிருக்கேன். தூரம், நேரம் பத்தி நம்ம பக்கத்து ஆளுங்க கேட்டதுக்கெல்லாம் இங்க பதில் சொல்லிடுறேன்.

கூத்தாநல்லூர்: அண்ணே, திருச்சியில காலை 10 மணிக்கு ஏறுனா சிங்கப்பூர்ல மாலை 4.30ன்னு போட்டிருக்கு. வர்றப்ப 4.30க்கு ஏறி 6 மணிக்கே திருச்சி. போக ஆறரை மணி, வர ஒன்றரை மணியா?

பதில்: ரெண்டுமே நாலு மணி நேரம்தான் தம்பி. டிக்கெட்ல அந்தந்த ஊர்க் கடிகாரத்தைத்தான் போடுவாங்க. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால. அழைக்க வர்றவங்ககிட்ட அந்த ஊர் நேரத்தைச் சொல்லுங்க. நம்ம கணக்குல ‘ரெண்டு மணிக்கு இறங்கிடுவேன்’னு சொல்லிட்டு ஏறுனீங்கன்னா, மச்சான் அங்க இரண்டரை மணி நேரம் கால்கடுக்க நிப்பாரு.

பாபநாசம்: சிங்கப்பூர் தூரமா, துபாய் தூரமா?

பதில்: திருச்சியிலேர்ந்து நேர்கோட்டுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர், துபாய் சுமார் 2,940. கோலாலம்பூர் கொஞ்சம் கிட்ட, 2,700.

திருவாரூர்: விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போகுதுங்கிறாங்க. அப்ப சிங்கப்பூருக்கு மூன்றரை மணிதானே ஆகணும்?

பதில்: அந்த வேகம் மேல ஏறி நிதானமானப்புறம்தான். ஏறுறப்பவும் இறங்குறப்பவும் அவ்வளவு வேகம் கிடையாது. டிக்கெட் நேரம்ங்கிறது நின்ன இடத்திலேர்ந்து நகர்றது தொடங்கி, அங்க போய் நிக்கிற வரைக்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து போறதும் அதுல சேர்த்திதான்.

கும்பகோணம்: பூமி மேற்கேயிருந்து கிழக்கே சுத்துதே, மேல போய்ச் சும்மா நின்னா லண்டன் தானா வந்துடாதா?

பதில்: ஐயா, இதை எங்கிட்ட கேட்காத ஆளே இல்ல! ஓடுற பஸ்ஸுக்குள்ள கொசு பறக்குது, பின்கண்ணாடியில போயா மோதுது? பூமியோட காத்தும் சேர்ந்துதான் சுத்துது. ஆனா உயரத்துல மேற்கேயிருந்து கிழக்கே பலமான காத்து ஒண்ணு அடிக்கும், வட பக்கம் போகப் போக ஜாஸ்தி. சென்னையிலேர்ந்து லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர். போறப்ப எதிர்காத்து, பதினொரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். வர்றப்ப அதே காத்து பின்னாலேர்ந்து தள்ளும், ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சம்.

வேதாரண்யம்: எங்க வீட்டிலேர்ந்து கணக்குப் போட்டா?

பதில்: உங்களுக்குத்தான் வயித்தெரிச்சல். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, தஞ்சாவூர் வழியா திருச்சிக்கு 150 கிலோமீட்டர், கார்ல மூன்றரை மணி. மூணு மணி நேரம் முன்கூட்டியே போயாகணும். ஆக, நாலு மணிப் பயணத்துக்கு முன்னாலயே ஆறரை மணி போயிடுது. அப்புறம் வரைபடத்துல திருச்சியிலேர்ந்து சிங்கப்பூருக்கு ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்க. அது உங்க ஊரை உரசிக்கிட்டுத்தான் கடலுக்குள்ள இறங்குது. மேற்கே மூன்றரை மணி கார்ல போயி, திரும்பக் கால் மணியில உங்க வீட்டுப் பக்கமே பறந்து வந்துடுவீங்க.

எங்க தாத்தாவுக்கு இந்த வம்பெல்லாம் இல்ல. நாகப்பட்டினத்துலயே ரஜூலா கப்பல் ஏறிட்டாரு. என்ன, போய்ச் சேர ஒரு வாரம்.