காளான் தின்றால் கவிதை வருமா?

கேள்வி: மாயக்காட்சி காட்டும் காளான்களைத் தின்றால் கற்பனை பெருகும், கவிதை வரும் என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் தம்பி. உண்மையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மெக்சிகோவின் ஓஹாகா மலைப்பகுதியில் வாழ்ந்த மரியா சபீனாவைப் பற்றி உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத மசாட்டெக் பழங்குடிப் பெண், சடங்கு செய்து நோய் தீர்ப்பவர். நோயாளி வந்தால் இரவில் காளான்களை ஜோடி ஜோடியாக எடுத்துத் தின்றுவிட்டு விடிய விடியப் பாடுவார். ‘நான் இப்படிப்பட்ட பெண், நான் அப்படிப்பட்ட பெண்’ என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்தப் பாட்டுகளை இன்று பெருங்கவிதையாகவே கொண்டாடுகிறார்கள். கவிதையைத் தந்தது காளான் என்றால் நான் ஒப்ப மாட்டேன், தலைமுறைகளாக வந்த மொழியும் சடங்கும்தான் தந்தன.

1955-ல் கார்டன் வாசன் என்ற நியூயார்க் வங்கியாளர் அந்தச் சடங்கில் கலந்துகொண்டு, 1957-ல் ‘லைஃப்’ பத்திரிகையில் எழுதினார். அப்புறம் வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். நோயும் இல்லை, சடங்கும் இல்லை, அனுபவம் மட்டும் வேண்டும் அவர்களுக்கு. அதே காளானைத்தான் தின்றார்கள், எத்தனை பேர் மரியா சபீனா ஆனார்கள்? போலீஸ் வந்தது, ஊரார் பழியை அவர் தலையில் போட்டார்கள், அவர் வீட்டையும் எரித்தார்கள். 1985-ல் ஏழையாகவே இறந்தார். நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

காளானில் உள்ள சிலோசைபின் என்ற வேதிப்பொருள் உடலுக்குள் சிலோசினாக மாறி, மூளையில் செரட்டோனின் என்ற இயற்கையான வேதிப்பொருள் வேலை செய்யும் இடங்களைத் தூண்டுகிறது. காட்சிகள் வரும், சிலருக்குக் கடும் பயமும் வரும். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம், இதைத் தம்பியிடம் கட்டாயம் சொல்லுங்கள்.