வாசகர் கேள்வி - பதில்: அயர்லாந்து ரக்பியும் வேகம் குறைந்த பந்தும்

(அயர்லாந்து ரக்பி பற்றி வந்த கேள்விகளுக்கு, லிமரிக்கில் குடியிருக்கும் நம் வாசகி ஒருவர் இந்த இதழில் பதில் தருகிறார்.)

கேள்வி: நான் டப்ளினின் மாகாண அணியான லெய்ன்ஸ்டரின் ரசிகன். ஐரோப்பியக் கோப்பை ஒவ்வொரு வருடமும் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போகிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து பயிற்சியாளர் நீனாபர் வந்து தடுப்பாட்டத்தைப் பெரிதாக்கியதில் தாக்குதல் செத்துவிட்டது என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் கருத்து என்ன அக்கா? (ஒரு வாசகர், டப்ளின்)

பதில்: உங்கள் நண்பர்களின் ஆத்திரம் நியாயம்தான். ஆனால் நீனாபர்மேல் பழி போடுவதை நான் ஏற்க மாட்டேன். அவர் வந்தது 2023 கடைசியில். அதற்கு முன்பு, அதே ஆண்டு மே மாதம், டப்ளினிலேயே நடந்த இறுதிப்போட்டியை நினைத்துப் பாருங்கள். முதல் 12 நிமிடத்தில் லெய்ன்ஸ்டருக்கு மூன்று ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது), 17-0. இடைவேளையில் 23-14. இரண்டாம் பாதியில் லெய்ன்ஸ்டர் எடுத்தது வெறும் 3 புள்ளி. பிரெஞ்சு அணி லா ரொஷெல் 27-26 என்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அப்போது லெய்ன்ஸ்டரின் மூத்த பயிற்சியாளர் ஸ்டூவர்ட் லங்காஸ்டர். பந்தைக் கையில் வைத்து ஆடுவதில் அவரை மிஞ்சிய பயிற்சியாளர் அபூர்வம். அவர் இருக்கும்போதே தாக்குதல் நின்றுபோனது என்றால் நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

நோய் ரக்கில். விழுந்த வீரரைச் சுற்றி இரு அணியும் முட்டிக்கொள்ளும் அந்தக் குவியலிலிருந்து மூன்று விநாடிக்குள் பந்து வெளியே வந்தால், எதிரணி வரிசை கட்டி நிற்க நேரம் இருக்காது. ரக்கிலிருந்து பந்தை எடுத்துக் கடத்தும் ஸ்க்ரம்ஹாஃப் கிப்ஸன்-பார்க் அந்த மூன்று விநாடியில் வாழ்கிறவர். அதுவே ஐந்து விநாடி ஆனால், அவ்வளவு அழகாகத் திட்டமிட்ட நகர்வெல்லாம் குறுக்கே பந்து கடத்துவதாகச் சுருங்கிவிடும். லா ரொஷெல் செய்தது அதுதான்: பெரிய உடம்புகளை ரக்குக்குள் இறக்கி ஒவ்வொரு பந்தையும் தாமதப்படுத்தினார்கள். 2024இல் இன்னொரு பிரெஞ்சு அணியான துலூஸும் அப்படித்தான். அந்த இறுதிப்போட்டியில் 80 நிமிடம் முடியும்வரை இரு பக்கமும் ஒரு ட்ரைகூட இல்லை, 15-15. கூடுதல் நேரத்தில் 31-22 என்று தோற்றோம்.

'தோற்றோம்' என்று, லிமரிக் இருக்கும் மன்ஸ்டர் மாகாணத்துக்காரி ஒருத்தி எழுதுகிறாளே என்று பார்க்காதீர்கள். ஐரோப்பியக் கோப்பை என்று வரும்போது எனக்கு அயர்லாந்தின் நான்கு மாகாண அணியும் ஒன்றுதான். (என் தெருவில் இதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.)

2025தான் மனசு ஆறவில்லை. ஹார்லிக்வின்ஸை 62-0, கிளாஸ்கோவை 52-0. இரண்டு நாக்-அவுட் ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காத அணி, அரையிறுதியில் சொந்த மைதானத்தில் நார்தாம்ப்டனிடம் 37-34 என்று தோற்றது. நார்தாம்ப்டனின் டாமி ஃப்ரீமன் முதல் பாதியிலேயே மூன்று ட்ரை போட்டார். லெய்ன்ஸ்டர் தன் நியூசிலாந்து நட்சத்திரம் ஜோர்டி பாரெட்டைப் பெஞ்சில் உட்காரவைத்தது எனக்கு இன்றுவரை புரியவில்லை. கவனியுங்கள், அன்று லெய்ன்ஸ்டர் 34 புள்ளி எடுத்திருக்கிறது. அன்றைக்கு ஓட்டை விழுந்தது தடுப்பில். தாக்குதலைக் குறை சொல்வது அநியாயம்.

கேள்வி: தேசிய அணியில் ஆட்டத்தை நடத்தும் ஃப்ளைஹாஃபின் பத்தாம் எண் யாருக்கு? ஜாக் க்ரௌலியா, சாம் பிரெண்டர்காஸ்டா? (ஒரு வாசகி, கார்க்)

பதில்: நீங்கள் கார்க், அதுவும் மன்ஸ்டர்தான்; க்ரௌலியும் மன்ஸ்டர் ஆள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பது தெரியும். சரி, எனக்கும் க்ரௌலிதான். எதிராளி முகத்துக்கு நேராக ஓடிப்போய்க் கடைசி நொடியில் பந்தை விடுகிறார், தடுப்பிலும் ஒளிந்துகொள்வதில்லை. பிரெண்டர்காஸ்டின் நீளப் பாஸ் அற்புதம். ஆனால் அவர் ஆழத்தில் நின்று ஆடுகிறவர், தாமதமான பந்து அவரை இன்னும் பின்னால் தள்ளுகிறது.

ஆனாலும், பல வருடம் பத்தாம் எண்ணில் ஆடிய ஜானி செக்ஸ்டன் 2023இல் ஓய்வு பெற்றதிலிருந்து இந்த ஒரு சட்டைக்காக நடக்கும் சண்டையில் பெரிய விஷயம் மறைந்துபோகிறது. 2025 நவம்பரில் சிகாகோவில் நியூசிலாந்திடம் 26-13 என்று தோல்வி. டப்ளினில் தென்னாப்பிரிக்காவிடம் 24-13 என்று தோல்வி. நடுவில் ஆஸ்திரேலியாவை 46-19 என்று புரட்டி எடுத்தார்கள். ரக்கில் பந்து சட்டென்று வந்த நாளில் எல்லாருமே நல்ல ஃப்ளைஹாஃப்தான். வராத நாளில் செக்ஸ்டனாலும் முடியவில்லை. 2023 உலகக் கோப்பைக் காலிறுதியின் கடைசியில், பாரிஸில், 37 கட்டம் (ஒரு ரக்கிலிருந்து அடுத்த ரக்வரை ஒரு கட்டம்) பந்தை வைத்திருந்தும் நியூசிலாந்தின் கோட்டைத் தாண்ட முடியாமல் 28-24 என்று வெளியேறினோம். நியூசிலாந்தின் சாம் வைட்லாக் ரக்கில் கைவைத்துப் பந்தைப் பறித்ததோடு அயர்லாந்தின் 17 தொடர் வெற்றியும் முடிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. உயரே உதைத்த பந்தைப் பிடிக்கப் போகிறவருக்குத் துணையாளர்கள் அரண்போல் ஓடுவதை 2024 கடைசியிலிருந்து நடுவர்கள் கண்டிப்பாகத் தடுக்கிறார்கள். அதனால் வானத்தில் பந்துக்குப் போட்டி கூடிவிட்டது. தாவிப் பிடிக்கிறவர்களுக்கு மவுசு. தரையில் பாஸ் பின்னி வளர்ந்த அயர்லாந்துக்கு இது பாதகம்.

கேள்வி: மன்ஸ்டர் என்றாலே உதைப்பதும் முட்டுவதும்தானே? (ஒரு வாசகர், பெல்ஃபாஸ்ட்)

பதில்: மன்ஸ்டர் ஜெயித்த 2006, 2008 ஐரோப்பியக் கோப்பைகளை வைத்துப் பேசுகிறீர்கள். மைக் பிரெண்டர்காஸ்ட் என்ற லிமரிக்காரர் பிரான்சில் பல வருடம் பயிற்சியாளராக இருந்துவிட்டு 2022இல் ஊர் திரும்பினார். வந்ததும் முதலில் மாற்றியது பாஸைத்தான்: முன்வரிசைக்காரரும் முட்டுவதற்குமுன் பக்கத்து ஆளுக்குப் பந்தைத் தட்டிவிட வேண்டும். ஆரம்பத்தில் பந்து கீழே விழுந்துகொண்டே இருந்தது; தோல்விமேல் தோல்வி. விட்டுவிடவில்லை. 2023 மே மாதம் நாக்-அவுட் மூன்றையும் வெளியூரில் ஜெயித்து, கேப் டவுனில் தென்னாப்பிரிக்க அணி ஸ்டார்மர்ஸை 19-14 என்று வீழ்த்தி யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப் கோப்பை வாங்கினார்கள். அரையிறுதியில் லெய்ன்ஸ்டரை 16-15 என்று கவிழ்த்தது க்ரௌலியின் டிராப் கோல், அதாவது பந்தைக் கீழே விட்டு, அது எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது. டப்ளின் வாசகர் மன்னிக்கவும், அந்த உதை எனக்கு உயிர்.

கேள்வி: ரக்பியே பார்த்ததில்லை. ஒரே ஒரு ஐரிஷ் ட்ரை பார்க்கச் சொன்னால்? (ஒரு வாசகி, கால்வே)

பதில்: 2023 பிப்ரவரி, டப்ளின், பிரான்சுக்கு எதிராக ஹியூகோ கீனன் போட்டது. உங்கள் கொனாக்ட் அணியின் ஃபின்லே பீலம் பந்தை வாங்குகிறார். அவர் ப்ராப், அதாவது முன்வரிசைப் பருமனான ஆள்; முட்டப்போகிறார் என்றுதான் பிரெஞ்சுக்காரர்கள் நினைக்கிறார்கள். அவர் கையைப் பாருங்கள். ஓடிவரும் கீனனுக்கு ஒரு சின்ன பாஸ், ஒரு எட்டு தூரம்கூட இருக்காது. கீனன் இடைவெளிக்குள் நுழைந்து நேரே கோட்டுக்குப் போய்விடுவார். முதல் தடவை கீனனைத்தான் பார்ப்பீர்கள். அப்புறம் இன்னொரு முறை போட்டு, பீலமை மட்டும் பாருங்கள்.