தொடர் காப்பிக் கடைகள் ஊர் கூடும் இடமாக முடியுமா?

கேள்வி: பெரிய காப்பி நிறுவனங்களின் கிளைகள் ஊர் மக்கள் இயல்பாக வந்து கூடும் இடங்களாக மாற என்ன செய்ய வேண்டும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு நகரத்தில், அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் கிளையை நான்கு ஆண்டுகள் மேலாளராக நடத்தியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. மாற முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் அது மர மேசைகளாலும் மஞ்சள் விளக்குகளாலும் நடப்பதில்லை. ஒன்றும் வாங்காத ஒருவர் உள்ளே வந்து உட்காரலாமா என்ற கேள்விக்கு, தலைமையகத்தைக் கேட்காமல் கிளையில் இருப்பவரே முடிவு சொல்ல முடிகிறதா என்பதைப் பொறுத்தே நடக்கிறது.

வீடும் வேலையிடமும் அல்லாத, மனிதர் சும்மா வந்து பேசியிருக்கும் இடத்தை ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989இல் ‘மூன்றாம் இடம்’ என்று எழுதினார். காப்பி நிறுவனங்கள் அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டன. எங்கள் தோட்டத்துப் பெரியவர்களிடம் இதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னால் சிரித்துவிடுவார்கள். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்கும், ரப்பர் பால் வெட்டும் காட்டுக்கும் அப்பால் அவர்களுக்குக் கோயில் வாசல் இருந்தது, கள்ளுக்கடை இருந்தது, நகரத்துக்கு வந்தால் சீனர் நடத்திய காப்பிக் கடை இருந்தது. அங்கே ஒரு கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) வாங்கி வைத்துக்கொண்டு, ஒரே தமிழ் நேசனை நான்கு பேர் தாள் தாளாகப் பிரித்துப் படிப்பார்கள் என்று அப்பா சொல்வார். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. தோட்டங்கள் கைமாறி, லயங்கள் காலியாகி, அப்படிப்பட்ட மேசைகளும் ஒவ்வொன்றாகப் போயின.

இந்த இடத்தில் பழமையைப் புகழ்பவர்கள் மறந்துவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவையெல்லாம் பெரும்பாலும் ஆண்களின் இடங்கள். முப்பது ஆண்டுகள் ரப்பர் மரங்களில் பால் வெட்டிய என் அம்மா, சம்பள நாளில்கூட அந்தக் காப்பிக் கடையில் உட்கார்ந்ததில்லை. வாசலில் நின்றபடியே பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி, கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். எங்கள் கிளை திறந்த இரண்டாவது மாதமே, மாலையில் பிள்ளைகளை டியூஷனுக்கு விட்டுவிட்டு வரும் தாய்மார்கள் ஐந்தாறு பேர் சுவரோரம் கூடத் தொடங்கினார்கள். வெளிச்சமும் சுத்தமான கழிப்பறையும் இருந்தன. யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் போதுமானது அவ்வளவுதான். ஹலால் சான்றிதழ் இருந்ததால் மலாய்ப் பெண்களும் தயங்காமல் அதே மேசையில் சேர்ந்துகொண்டார்கள். பழைய கடைகளுக்கு வாய்க்காத இந்த நன்மை தொடர் கடைகளுக்கு வாய்த்திருக்கிறது: அது எந்த ஒரு சாதிக்கும் இனத்துக்கும் ஆண்களுக்கும் மட்டும் சொந்தமான இடமாகத் தொடங்குவதில்லை.

தொடங்கிய பிறகு அதைக் கெடுப்பது விலையும் விதியும். மலேசியாவில் 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. மணிக் கணக்கில் 8 ரிங்கிட் 72 சென். எங்கள் கடையில் பால் காப்பி ஒன்று 12 வெள்ளிக்கு, அதாவது 12 ரிங்கிட்டுக்கு, மேல். ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தால்தான் ஒரு குவளை என்ற நிலையில், ‘ஊரே எங்கள் விருந்தினர்’ என்று சுவரில் எழுதிவைப்பதில் ஒரு பயனும் இல்லை.

விதியைப் பற்றி எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் நீரிழிவு மருந்து வாங்கிக்கொண்டு, பதினொன்றரை பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் மூன்று பெரியவர்கள் ஒரு கறுப்புக் காப்பி வாங்கி, இரண்டு காலிக் குவளைகள் கேட்டுப் பகிர்ந்து குடிப்பார்கள். ‘ஒருவருக்கு ஒரு பானம்’ என்ற அட்டையை மேசைதோறும் வைக்கும்படி தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது; நானும் வைத்தேன். மூவரில் ஒருவர் அட்டையைக் கையில் எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்து, இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார். “நமக்கில்லைம்மா இது, தெரியாம உட்கார்ந்துட்டோம்” என்று சொல்லிவிட்டு, குடித்த குவளைகளைத் தாமே கொண்டுவந்து என் முன்னால் அடுக்கிவைத்துவிட்டுப் போனார். அட்டைகளை அன்று மாலையே எடுத்துவிட்டேன். அவர்கள் திரும்பி வர ஐந்து வாரம் ஆயிற்று, அதுவும் நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோய்க் கூப்பிட்ட பிறகு.

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதன்று. 2018இல் பிலடெல்பியாவில் ஒன்றும் வாங்காமல், தொழில் பேச வரவேண்டிய ஒருவருக்காகக் காத்திருந்த இரு கறுப்பின இளைஞர்கள் ஸ்டார்பக்ஸ் கடையில் கைது செய்யப்பட்டதும், வாங்காதவரும் உட்காரலாம் என்று அந்த நிறுவனம் அமெரிக்காவில் அறிவித்தது. 2025 ஜனவரியில் அதை மாற்றி, இடம் வாடிக்கையாளருக்கே என்றது. நான் அவர்களை முற்றிலும் குறை சொல்லமாட்டேன், ஏனென்றால் கழிப்பறை கழுவுவதும் மேசையில் தலைவைத்துத் தூங்குபவரை எழுப்புவதும் என் பணியாளர்களின் தலையில்தான் விழுந்தன. ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே விதி என்று முதலில் அனுமதித்தும் பிறகு மறுத்தும் எழுதிப் பார்ப்பதைவிட, ஒரு நீள மேசையையும் காலை இரண்டு மணி நேரத்தையும் கிளையின் பொறுப்பில் விட்டிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. நான் அப்படித்தான் செய்தேன். ஆறு மாதம் கடிதம் எழுதி, காலையில் மட்டும் நான்கு வெள்ளிக்குச் சாதாரணக் கோப்பி ஓ விற்க அனுமதி வாங்கினேன். தமிழ்ப்பள்ளி மாணவி ஒருத்தி அழகாக எழுதித் தந்த தமிழ் விலைப்பலகை மட்டும், எழுத்துரு நிறுவனத்துடையதன்று என்ற காரணத்தால், தணிக்கைக்கு வந்தவரின் காரிலேயே போய்விட்டது!

இதற்கு மேல் முக்கியமானது முகம். 2016இல் கோலாலம்பூர் பங்சாரில், செவித்திறன் அற்றவர்கள் சைகை மொழியில் நடத்தும் கிளையை ஸ்டார்பக்ஸ் திறந்தது. காப்பியை வேறு எங்கும் வாங்கலாம். தம் மொழியிலேயே கேட்டு வாங்கும் இடம் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. எங்கள் கிளையில் பகுதி நேரமாக வேலை செய்த மலாய்ப் பெண்ணுக்கு “சீனி கொறச்சு, சூடா” என்ற மூன்று சொற்கள்தாம் தமிழில் தெரியும். அவற்றைச் சொல்லிச் சிரித்தபடி அவள் குவளையை நீட்டும்போது, பெரியவர்கள் அவளுடைய பரீட்சை எப்போது என்று விசாரிப்பார்கள். எட்டாவது மாதம் அவளை ஈப்போ கிளைக்கு மாற்றிவிட்டார்கள். பணியாளரைச் சில மாதங்களுக்கு ஒருமுறை சுழற்றும் நிறுவனம் சமூகத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது.

இசையின் ஒலி, மின்செருகி, இணைய வேகம் ஆகியவை தனியாகக் கணினியுடன் வருபவருக்கு வேண்டும். கூடி உட்காருபவர்கள் கேட்பது நகர்த்தக்கூடிய நாற்காலி ஒன்றுதான். கடைசியாக, திறக்கும் நேரத்தையும் ஊரைப் பார்த்து வையுங்கள். ஐந்து மணிக்கு எழுந்து பழகிய ஊர் இது. காய்கறிச் சந்தை எட்டரைக்கெல்லாம் கலைந்துவிடும். எங்கள் கிளை, பேரங்காடிகளில் இருக்கும் கிளைகளைப் போலவே, நான் விலகும் நாள் வரை பத்து மணிக்குத்தான் கதவைத் திறந்தது.