இன்றைய கால்பந்தில் கிளப் விசுவாசத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் பேரம் பேசும் மேசையில் அதற்குப் பெரிய இடமில்லை. 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய ஒன்றிய வீரர் பழைய கிளப்புக்குக் காசு எதுவும் வராமலே வேறு கிளப்புக்குக் கிளம்பிவிடலாம்.

விசுவாசம் என்றாலே நாம் வீரரைத்தான் திட்டுகிறோம். கிளப்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா? இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 2025-26 சீசன் வரை கிளப்புகளின் நஷ்டத்துக்கு வரம்பு இருந்தது. கிளப்பின் சொந்த அகாடமியில், அதாவது இளம் வீரர் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்தவரை விற்றால் வரும் தொகை கிட்டத்தட்ட முழுவதும் லாபக் கணக்கில் ஏறும். விலை கொடுத்து வாங்கியவர் என்றால், அந்த விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவாகக் கழிப்பார்கள்; விற்கும்போது அதில் இன்னும் கழிக்காத பகுதி போக மீதிதான் லாபம். ஆக, சின்ன வயதிலிருந்து கூடவே இருந்த பையனை விற்பதுதான் கணக்குக்கு நல்லது! செல்சி தன் அகாடமியில் வளர்ந்த மேசன் மவுண்டை 2023-இலும் கானர் கல்லகரை 2024-இலும் விற்றது. மெஸ்ஸிகூட 2021-இல் பார்சிலோனா மேல் மனம் வெறுத்துப் போகவில்லை. ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் செலவு வரம்புக்குள் அவரைப் பதிவு செய்ய முடியவில்லை.

சரி, இத்தாலிய வீரர் டோட்டி? 2017 வரை ரோமா கிளப்பிலேயே ஆடினார். 2006-இல் இன்னொரு இத்தாலிய கிளப்பான யுவென்டஸ் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டபோது அதன் நட்சத்திர வீரர்கள் பஃபனும் டெல் பியரோவும் அங்கேயே இருந்தார்கள். ரசிகர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.